நிலவறையில் மிஞ்சிய இடம்

மனிதர்கள் காணிக்குச் சண்டை போடுவார்கள், நகைக்குச் சண்டை போடுவார்கள். நான் வேலை பார்த்த வீட்டுத் துரைசாணி, செத்த பிறகு படுப்பதற்கான இடத்துக்காகத் தன் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. அவர் பஹ்ரைனில், தம்பி இங்கிலாந்தில். நடுவில் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்.

துரைசாணி என்று சொல்வதெல்லாம் மனதுக்குள்தான். நேரில் மேடம். என் ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறி எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்றைக்கும் அங்கே மேனேஜர் துரை, அவர் பெண்சாதி துரைசாணி. அசல் வெள்ளைக்காரத் துரைசாணியை நான் கண்ணால் பார்த்தது பஹ்ரைனில் மனாமாவுக்கு வந்த பிறகுதான். பார்த்தபோது அவருடைய ஒரு காலில் ஒரு செருப்பு, மற்றக் காலில் வேறொரு செருப்பு. கிழிந்த ஸ்வெட்டர். ஏசி சத்தம் பிடிக்காது என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். இவரா பிரபு வீட்டுப் பெண் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

வீடு மனாமாவின் குதைபியாப் பகுதியில், கடைத்தெரு முடிந்து ஆரவாரம் அடங்குகிற இடத்தில் இருந்த ஒரு பழைய வில்லா. எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரை வீட்டார் பேச்சை மீறிக் கட்டிக்கொண்டு இளம் வயதிலேயே அங்கே வந்துவிட்டவர் துரைசாணி. சில வருஷத்தில் அந்த மனிதர் வேறொருத்தியோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். இவர் ஊருக்குத் திரும்பவில்லை. "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அந்த ரோஷத்திலேயே பணக்காரப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்து ஆயுசைக் கழித்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை.

அவர்கள் சண்டை போட்ட இடம் இருந்த மடாலயத்தின் கதையை அவர் எனக்குச் சொன்னது நான் அவர் கால்களுக்குத் தைலம் தேய்க்கும் வேளைகளில். இங்கிலீஷில்தான் சொல்லுவார், எனக்குப் புரிந்த மட்டும் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய குலத்தில் எத்தனையோ தலைமுறைக்கு முந்தி ஒரு பிரபு இருந்தார். குதிரையேறிப் போர் செய்து ஊர் ஊராக எரித்தவர். வயதான பிறகு நரகத்துக்குப் பயந்து, ஆற்றங்கரை நிலத்தையும் ஆட்டு மந்தைகளையும் வெள்ளை அங்கி போட்ட துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தார். அவர்கள் அங்கே கல்லால் பெரிய மடாலயம் கட்டினார்கள். பதிலுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பிரபுவுக்கும் அவர் சந்ததிக்கும் உலகம் முடிகிறவரை ஜெபம் பண்ண வேண்டும். அவர் செத்த நாளில் வருஷா வருஷம் பூசை. அன்றைக்கு வாசலில் வந்து நிற்கிற ஏழைகளுக்கு ரொட்டியும் மீனும்.

"திவசம்," என்றேன் நான், காலைத் தேய்த்துக்கொண்டே.

என்ன வார்த்தை அது என்று கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு ராஜாவுக்கு மடாலயங்களின் மேல் கண் விழுந்தது. துறவிகளை விரட்டினான். கூரையின் ஈயத்தை உரித்தான், மணிகளை உருக்கினான், நிலத்தை விற்றான். வாங்கியது யார்? இதே குடும்பம். தாத்தன் தானம் கொடுத்ததைப் பேரன்மார் காசு கொடுத்து வாங்கி, சுவர்களை இடித்து, அந்தக் கல்லிலேயே தங்களுக்கு மாளிகை கட்டிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது துரைசாணிக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

"கல் நல்ல கல்," என்றார்.

மிச்சம் நிற்பது கூரையில்லாத சுவர்களும் வளைவுகளும் நடுவில் புல்லும்தான். படம் காட்டினார். அது இப்போது அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் வாசலை ஒட்டியிருந்த சின்னக் கோயில் ஒன்று இடிபடாமல் தப்பிவிட்டது. அதன் அடியில் நிலவறை. அந்தக் குடும்பத்தார் எல்லாரும் அங்கேதான், சுவரில் குடைந்த கல் மாடங்களில், பெட்டியோடு. பெட்டி முழுசாக இருக்க வேண்டும், உடம்பு முழுசாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் குல வழக்கம். புதிதாகக் குடைய அரசாங்கம் விடாது. மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மாடம்.

குடும்பத்தின் தலைவன் நான், அது எனக்கு என்றார் தம்பி. மூத்தவள் நான், எனக்கு என்றார் துரைசாணி. ஞாயிறுதோறும் மதியம் தம்பியின் மகன் டேப்லெட்டில் போன் போட்டுக் கொடுப்பான். பாதிப் பேச்சு வானிலை. மீதிப் பேச்சு அந்த மாடம்.

"வாழ்க்கை முழுக்க வெளியே இருந்துவிட்டேன். செத்தாவது உள்ளே வருகிறேன்," என்று ஒரு தரம் தம்பியிடம் சொன்னார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது.

இரக்கம் வந்தாலும் என் கணக்கு வேறு. தம்பி விட்டுக்கொடுத்தால் துரைசாணி உடனே இங்கிலாந்துக்குப் புறப்பட்டுவிடுவார். இங்கே செத்தால் உடம்பை அனுப்புவது லேசில்லை. உயிரோடு இருக்கும்போதே அங்கே போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் போனால் என் விசா அவரோடு போயிற்று. என் மகள் அப்போது கண்டியில் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் காலையில் சாமி விளக்கேற்றும்போது துரைசாணிக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று கும்பிடுவேன். கும்பிட்டு எழுந்திருப்பதற்குள் மெதுவாகக் கிடைக்கட்டும் என்று சேர்த்துக்கொள்வேன். எந்தப் பக்கம் நிற்பதென்றே தெரியாமல் நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். துடைத்த மேசையையே துடைப்பேன்.

அந்த வீட்டுக்கு ஒரு டிரைவர் உண்டு, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். பக்கத்துத் தெருவில் ஒரு ரூமில் ஏழெட்டுப் பேரோடு இருந்தார். எனக்கு இளையவர். அவரிடம்தான் எல்லாவற்றையும் கொட்டுவேன்.

"சிவன் சொத்து குல நாசம்னு சும்மாவா சொன்னாங்க தம்பி? சாமிக்குக் குடுத்தத பேரமாரே திருப்பி எடுத்தா வெளங்குமா? பாருங்க, இந்தம்மாவுக்குப் புள்ள இல்ல. அவங்க தம்பிக்கு ஒரே ஒரு மகன். அவனும் அந்த இடிஞ்ச சுவத்துக்குள்ள பந்தல் போட்டுக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுறானாம்."

"அவங்க சாமி வேறக்கா."

"சாமி வேறயா இருந்தா என்ன? சொத்து சொத்துதானே?"

அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அதுவும் சரிதான்," என்றார்.

எனக்கு அதைவிட மனதை அரித்தது அந்தத் திவசம். துறவிகளை விரட்டிய நாளிலிருந்து அந்தப் பிரபுவுக்கு ஒரு பருக்கை வைத்தவர் இல்லை. நூறு நூறாக வருஷங்கள். எங்கள் வீடுகளில் ஒரு வருஷம் தவறினாலே பயந்து சாவோம். பட்டினி கிடக்கிற முன்னோர்கள் நிலவறையில் வரிசையாகப் படுத்திருக்கும்போது அக்காவும் தம்பியும் எப்படி ஒத்துப் போவார்கள்? சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு நாள் தைலம் தேய்க்கையில் சொல்லிவிட்டேன். துரைசாணி வெகுநேரம் சிரித்தார். பிறகு, "செய்யேன். எங்களுக்காக யாராவது ஏதாவது செய்து நாளாகிவிட்டது," என்றார்.

திதி கேட்டேன். இங்கிலீஷ் மாதம்தான் சொன்னார். அதுவும் நிச்சயமில்லை. திதி தெரியாதவர்களுக்கும் ஆளில்லாதவர்களுக்கும் என்றுதானே மகாளய அமாவாசை இருக்கிறது? அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதுவே நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சமைத்தேன். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் குழம்பு, வடை, பாயசம். ரொட்டியும் மீனும் அல்லவா வழக்கம் என்று துரைசாணி படுக்கையிலிருந்து குரல் கொடுத்தார். அமாவாசையன்று மீனா? நடக்காது என்றேன். ரொட்டிக்கு மட்டும் சம்மதித்து, தெருமுனைத் தந்தூரிலிருந்து ஒன்று வாங்கி வரச் சொன்னேன். டிரைவர் தம்பி வாழை இலையும் இரண்டு முழம் மல்லிகையும் வாங்கி வந்தார். விமானத்தில் வருகிற பூ, பாதி கறுத்திருந்தது.

நடைவழிச் சுவரில் சட்டம் போட்ட படங்கள் மாட்டியிருந்தன. மீசை வைத்த ஒரு பெரியவர், தொப்பி போட்ட ஓர் அம்மாள், நாயோடு ஒரு கிழவி, ராணுவ உடுப்பில் ஓர் இளைஞன். எல்லாம் கறுப்பு வெள்ளை. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் ஓர் ஆளைத் தனியாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் அந்த ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். உயிரோடு இருப்பவர்கள் ஆல்பத்தில் இருப்பார்கள், இப்போது போனில். நான்கையும் இறக்கித் துடைத்து மேசையில் வரிசையாக வைத்தேன். சந்தனம், குங்குமம் இட்டேன். பூ போதவில்லை. வயதில் பெரியவர்களுக்குக் கிள்ளிக் கிள்ளி வைத்துவிட்டு, அந்த இளைஞனுக்கு மட்டும் மாலையாகவே சுற்றினேன். சின்ன வயதிலேயே போரில் செத்துவிட்டான் போல என்று ஒரு பரிதாபம்.

தீபாராதனை காட்டினேன். மாடியில் ஒரு பிடி சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிட்டேன். மைனா வந்தது. பசித்த முன்னோர்கள் எதில் ஏறி வந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

போன் அடித்தது. துரைசாணியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து மேசைக்கு எதிரே நிறுத்தினேன். வழக்கம்போல வானிலை பேசினார்கள். பிறகு துரைசாணி, "இங்கே நம் வீட்டாருக்கு விருந்து நடக்கிறது, காட்டுகிறேன்," என்று சொல்லி, டேப்லெட்டை மேசைப் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினேன். இலை, விளக்கு, படங்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினேன்.

தம்பி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே வந்தார்.

"அது நானா?" என்றார் தம்பி.

"நீதான். ராணுவத்தில் சேர்ந்த வருஷம்," என்றார் துரைசாணி.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உயிரோடு இருக்கிற மனிதருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, இலை போட்டு, அதையும் அவருக்கே காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"மாலைக்கு என்ன அர்த்தம்?" என்று தம்பி கேட்டார்.

"நீ செத்துவிட்டாய் என்று அர்த்தம். அது உன் மதியச் சாப்பாடு," என்றார் துரைசாணி. சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். தம்பி முந்திக்கொண்டார். அந்த மனிதர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த மஞ்சள் நிறத்தில் இருப்பது என்ன என்றார். பருப்பு என்றேன். செத்தவர்கள் சாப்பிட வருகிறார்களா என்றார். வருவார்கள் சார் என்றேன். எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? ஒரு வருஷம் சார். அடுத்த வருஷம் மறுபடி போட வேண்டும்.

"எனக்கு யார் போடுவார்கள்?"

"மகன் போடுவார் சார்."

"என் மகன் என் கல்லறைக்குப் பக்கத்தில் கார் நிறுத்தக் கட்டணம் வசூலிப்பான்," என்றார்.

துரைசாணி அதற்கும் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. துரைசாணி, கோபித்துக்கொண்டான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றார். தம்பி படத்தின் பொட்டை அழித்து, துடைத்து, அந்த ஒன்றை மட்டும் சுவரில் மாட்டாமல் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்தேன். உப்பும் மிளகாயும் எடுத்து டேப்லெட்டுக்குச் சுற்றிப் போட்டேன். யாராவது பார்த்திருந்தால் எனக்குப் பைத்தியம் என்றிருப்பார்கள்.

"நான் அந்தாளுக்குச் சாவு இழுத்து விட்டுட்டேன் தம்பி."

"அட நீங்க வேற. செத்துட்டதா ஊருக்குள்ள பேச்சு கெளம்புனாலே ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. நீங்க எலையே போட்டுட்டீங்க. நூறு வயசு இருப்பாரு பாருங்க," என்றார் டிரைவர் தம்பி.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மார்கழி வரை ஓட்டினேன். இரவில் படுத்தால், நூறு வயது இருந்தால் துரைசாணிக்கு எப்படி இடம் கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காவிட்டால் எனக்கு நல்லதுதானே என்று அடுத்து தோன்றும். சே என்று எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அந்த மாதங்களில் நான் ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை. துரைசாணியும் அப்படித்தான். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் நாற்காலியை மேசைப் பக்கம் தள்ளச் சொல்வார். தம்பி கூப்பிட்டால் எடுக்காதே என்பார். கூப்பிடுகிறாரா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்பார்.

தையில் போன் வந்தது. மகன் மட்டும்தான் தெரிந்தான். கறுப்பு டை கட்டியிருந்தான். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான். காரியமும் முடிந்துவிட்டதாம்.

"உள்ளே வைத்தாயிற்றா?" என்று துரைசாணி கேட்டார்.

"இல்லை அத்தை," என்றான். "அப்பா எரிக்கச் சொல்லிவிட்டார். போன அக்டோபரில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். சாம்பலை மடாலயத்துப் புல்லில் கொட்டிவிட வேண்டுமாம். மாடம் உங்களுக்காம்."

அந்தக் குலத்தில் எரிந்தவர் அதுவரை யாரும் இல்லை. எல்லாரும் முழு உடம்பாகப் படுத்திருக்கும் இடத்தில் தன் பங்கை அக்காவுக்கு விட்டுவிட்டு அந்த மனிதர் நெருப்புக்குள் போயிருக்கிறார். எனக்கு அந்த மாலைதான் ஞாபகம் வந்தது.

துரைசாணிக்கு முதலில் வந்தது கோபம். "எப்போதும் அவன்தான் ஜெயிக்க வேண்டும்," என்றார். மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டார். அதை நான் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அழத் தொடங்கினார். எண்பது வயதுக்கு மேல் ஒருவர் அப்படி அழுவதை நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளை போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு. என்ன செய்வதென்று தெரியாமல் தலையைப் பிடித்து என் வயிற்றோடு சாய்த்துக்கொண்டேன். அவரைத் தைலம் தேய்க்காத கையால் நான் தொட்டது அன்றுதான்.

மறுநாளே நான் மனதளவில் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. இனி டிக்கெட்தான் பாக்கி. மகளுக்குப் போன் போட்டு, அம்மா வந்துவிடுவேன் போலிருக்கிறது என்றேன். அவள் சந்தோஷப்படாமல் பீஸ் எப்ப கட்டணும் தெரியுமா என்றாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் துரைசாணி டிக்கெட் போடவில்லை. நாள் முழுக்கப் படுக்கையில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பின்னேரம், தைலம் தேய்க்கும்போது, "உங்கள் ஆட்கள் எல்லாரையும் எரிப்பார்கள் இல்லையா?" என்றார்.

"ஆமாம் மேடம்."

"வலிக்குமா?"

அவருக்கு நெருப்பென்றால் ஆகாது. அந்த மாளிகை, மடாலயத்துக் கல்லில் கட்டியது, அவர் சிறுமியாக இருந்தபோது ஒரு பக்கம் எரிந்து விழுந்தது. கம்பளியில் சுற்றி அவரைத் தூக்கி வந்தார்களாம். வீட்டில் நான் விளக்கேற்றினால்கூட அணையும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் கேட்கிறார். வலிக்காது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியாது மேடம். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. என் புருஷன் செத்தபோது நான் இங்கே இருந்தேன். மச்சான்தான் கொள்ளி வைத்தார். ஊரில் இருந்திருந்தாலும் நான் அவரைத் தெருமுனைவரைதான் பார்த்திருப்பேன்."

அவர் தலையாட்டினார். அடுத்த ஞாயிறு தம்பி மகனை அழைக்கச் சொன்னார். அந்தச் சாம்பலைக் கொட்டிவிட்டாயா என்று கேட்டார். வசந்தம் வரட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றான்.

"கொட்டாதே. மாடத்தில் வை. ஒரு மூலையில் தள்ளி வை," என்றார். "நானும் அப்படியே சாம்பலாக வருகிறேன். இரண்டு டப்பாவுக்கு அங்கே தாராளமாக இடம் இருக்கும். சின்ன வயதில் ஒரே அறையில்தான் கிடந்தோம்."

அவன் கொஞ்சம் தயங்கி, அப்படியென்றால் நீங்கள் இப்போது அவசரப்பட்டு இங்கே வர வேண்டியதில்லையே அத்தை என்றான்.

"வேண்டியதில்லை," என்றார் துரைசாணி. "சாம்பலுக்கு விசா எதற்கு?" பேச்சு அவனிடம்; பார்வை என் மேல்.

என் கண்ணில் தண்ணீர் நின்றது. என் விசா பயம் நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு நாளும் என் பாத்திரம் தேய்க்கும் சத்தத்திலேயே தெரிந்திருக்கும்.

போனை வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்த வீட்டில் அவர் கட்டிலில் நான் உட்கார்ந்ததில்லை. விளிம்பில் உட்கார்ந்தேன்.

"ஒன்று கேட்பேன். நீ மாட்டேன் என்று சொல்லலாம்," என்றார். "என்னை எரிக்கக் கொண்டு போகும்போது நீ வருவாயா? தெரியாத ஆண்களோடு தனியாக நெருப்புக்குள் போக எனக்குப் பயமாக இருக்கிறது."

"வருகிறேன் மேடம்," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் இருந்தார். அந்த நாட்கள் என்னவோ லேசாகவே போயின. மகள் படிப்பை முடித்தாள். அடுத்த கோடை தொடங்குகிற சமயத்தில், ஒரு விடியற்காலை, நான் தேநீரோடு போனபோது துரைசாணி இல்லை. உடம்பு மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கிடந்தது.

ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம் என்று டிரைவர் தம்பி அலைந்தார். வெள்ளைக்கார அம்மாவை இந்துக்கள் சுடுகாட்டில் எரிக்க ஏன் கேட்கிறீர்கள் என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டார்களாம். தம்பி மகன் அங்கிருந்து பேசி, எழுதி அனுப்பி, கடைசியில் அனுமதி கிடைத்தது. அவனால் உடனே வர முடியவில்லை. சாம்பலை வாங்கிக்கொள்ள வருகிறேன் என்றான்.

சுடுகாடு ஊருக்கு வெளியே, ஆலைகளைத் தாண்டி. நல்ல வெயில். கோயில் ஆட்கள் சிலர் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். நான் வண்டியிலிருந்து இறங்கியதும் டிரைவர் தம்பி கதவருகே வந்து நின்றார்.

"அக்கா, நீங்க வண்டியிலயே இருங்க. ஏசிய போட்டு விடுறேன். நான் பாத்துக்கிறேன்."

"இல்ல தம்பி. வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

விறகுப் பக்கத்திலிருந்த பெரியவர், வடக்கத்திக்காரர், என்னைப் பார்த்துக் கை காட்டினார். லேடீஸ் வெளியே நில்லுங்கள் என்று இந்தியில் சொன்னார். என் கால் திரும்பி வண்டிப் பக்கம் போகப் பார்த்தது. ஊரில் யாராவது கேள்விப்பட்டால் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் வந்துபோயிற்று.

"டியூட்டி, பாய்," என்றேன். "என் மேடம்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு வழி விட்டார்.

கொள்ளியை டிரைவர் தம்பி வைத்தார். புகை முதலில் என் பக்கம் வந்தது. பிறகு தீ பிடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய சத்தம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். நான் இங்கேதான் இருக்கிறேன் மேடம் என்று தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். கோயில் ஆட்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள், டிரைவர் தம்பியும் தண்ணீர் குடிக்கப் போனார். நான் முகம் காய்ந்து எரிய எரிய, அது அடங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.